தங்கையின் பெயரில் வந்த பதில்கள்

1

சென்ற வியாழக்கிழமை ஒரு பெண் தன் குளிர்காலக் கோட்டை என் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். உள்துணி கிழிந்திருந்தது, மாற்ற வேண்டும். பெர்த் நகரத்தில் ஒரு வணிக வளாகத்தின் நடுவே, நகரும் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது என் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, ஒரு ஆளுயரக் கண்ணாடி. பேன்ட்டின் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, இவைதான் தொழில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனில் ஐந்து வருடம் நின்றவள் நான். எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் தையலுக்குத்தான் போகும்.

கோட்டின் கீழ் மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் வேறாக இருந்தது. கம்பெனித் தையல் அல்ல. யாரோ கையால், அவசரமாக, நூலின் நிறம்கூடப் பொருந்தாமல் போட்டது. பிரித்தேன். பெரிய பித்தான் போல ஒரு வெள்ளை வட்டு விரலில் தட்டுப்பட்டது. சாவியை அடிக்கடி தொலைக்கிறவர்கள் கொத்தில் மாட்டிக்கொள்வார்களே, எங்கே இருக்கிறது என்று போனில் காட்டுமே, அந்தக் கருவி.

சாயங்காலம் அவள் கோட்டை வாங்க வந்தபோது அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஐம்பது வயதிருக்கும். நன்றாக உடுத்தியிருந்தாள். கடையைக் கடந்து போகிறவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"இதை இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்துவிட முடியுமா?"

"முடியும்" என்றேன்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் கேட்டிருப்பேன். தூக்கிக் குப்பையில் போடு என்று சொல்லியிருப்பேன், போலீஸுக்குப் போ என்று அவசரப்பட்டிருப்பேன். இப்போது நூலை ஊசியில் கோத்துக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னேன். "கடையில் ஒரு தொலைபேசி இருக்கிறது. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் பேசலாம். உங்கள் போன் இந்த மேசையிலேயே இருக்கட்டும்."

அவள் முக்காலியில் உட்கார்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் பேசினாள். அவள் பேசுவது வெளியே கேட்காமலிருக்க நான் வெறும் துணியை வைத்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். முடித்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மடிப்பை நான் ஏன் பழையபடி தைத்தேன் என்பதை ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றே தோன்றியது. என் தங்கையிடம் கேட்டேன். "பேர மாத்தி எழுதிக்கோக்கா. மத்ததெல்லாம் அப்படியே எழுது" என்றாள்.

2

அவளைச் சுகன்யா என்று வைத்துக்கொள்வோம். என்னைவிட ஏழு வயது சின்னவள். முதலிபாளையத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு நிறம் கேட்டால் அந்த நிறம் வரும்வரை சாயப்பட்டறைக்காரரை விடமாட்டாள். அவள் கணவன் நவீனுக்கு நெருப்பெரிச்சலில் சொந்தமாக நிட்டிங் யூனிட். ஆறு மெஷின் ஓடுகிறது. குடிப்பழக்கம் கிடையாது, கடன் கிடையாது, பெரியவர்களிடம் மரியாதை. எங்கள் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் "நவீனாட்டப் பையன் கெடைக்கோணும்" என்பார்கள்.

கருவிகளில் அவனுக்கு ஆசை அதிகம். மெஷின் நின்றால் உடனே தெரிய வேண்டும் என்று யூனிட்டில் முதலில் கேமரா வைத்தான். மகள் யாழினி பிறந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஹாலில் ஒன்று. வேலைக்கு ஆள் வருவதால் சமையலறையில் ஒன்று. வண்டி திருட்டுப் போகிறதே என்று சுகன்யாவின் ஸ்கூட்டருக்கு இடங்காட்டும் கருவி. அவசரத்துக்கு உதவும் என்று அவள் போனில் அவள் இருக்குமிடம் எப்போதும் அவனுக்குத் தெரிகிற ஏற்பாடு. மெசேஜ்கள் தொலைந்துபோகாமலிருக்க அவள் பேங்க் கணக்கில் அவனுடைய நம்பர்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் ஆறு மாதம், ஒரு வருடம் இடைவெளியில் வந்தது. நானே பாராட்டியிருக்கிறேன். "பாருங்க, நவீனுக்கு எவ்வளவு அக்கறை" என்று என் கணவர் செல்வத்திடம் குத்திக்காட்டிச் சொல்லியிருக்கிறேன். பாவம், அவர் என் போன் நம்பரையே இன்னும் மனப்பாடம் செய்யாதவர்.

3

எனக்கும் சுகன்யாவுக்கும் நடுவில் இருந்தது வாட்ஸப். இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். நான் கடையை மூடும் நேரத்தில் அவள் மதியச் சாப்பாட்டை முடித்திருப்பாள். படிக்கட்டு ஏறும் மூச்சிரைப்போடு குரல் பதிவுகள் அனுப்புவாள். ஒருநாள் அப்படி ஒன்று வந்தது. "அக்கா, எங்காச்சும் போயி சித்த நாளு சும்மா உக்காந்திருக்கோணும் போல இருக்குது." அவ்வளவுதான். வழக்கமான சிரிப்பு இல்லை.

மூன்று மாதம் இங்கே வந்து இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். வருகை விசாவுக்கான படிவத்தைத் திறந்து உட்கார்ந்தேன். இந்தப் படிவங்களோடு எனக்குப் பழைய பகை. நான் வந்து இறங்கியபோது குடும்பப் பெயர் என்று கேட்ட கட்டத்தில் வேறு வழியில்லாமல் அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து இந்த ஊர் என்னை ராமசாமி என்றுதான் கூப்பிடுகிறது. மருத்துவமனையில் "ராமசாமி" என்று அழைத்தால் மகேஸ்வரியாகிய நான் எழுந்து போகிறேன். சுகன்யாவுக்காவது சரியாக நிரப்ப வேண்டும் என்று அவளுக்கு எழுதினேன்: "பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பு. பேப்பர் எல்லாம் சரியாகிற வரைக்கும் நவீனிடம் சொல்ல வேண்டாம்."

இந்த இரண்டாவது வரியை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறுநாள் பதில் வந்தது. "வேண்டாங்க அக்கா. பாப்பாவுக்கு ஸ்கூல் இருக்கு. எங்களுக்கு இங்க எந்தக் குறையும் இல்ல." எனக்குச் சுருக்கென்றது. சரி, புருஷனிடம் சொல்லிவிட்டாள், அவர் வேண்டாம் என்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு குரல் பதிவுகள் நின்றுவிட்டன. நான் அழைத்தால் எடுப்பதில்லை. சிறிது நேரத்தில் "மீட்டிங்ல இருக்கேன் அக்கா" என்று செய்தி வரும். பிழை இல்லாமல் தமிழ் எழுத்தில் இருக்கும். முன்பெல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழைக் கொத்திப் போடுகிறவள். வேலை உயர்ந்துவிட்டது, பழக்கமும் மாறிவிட்டது என்று நினைத்தேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊரில் யார் எப்போது மாறினார்கள் என்று தெரிவதில்லை. அதனால் எந்த மாற்றத்தையும் நம்பிவிடுகிறோம்.

நான்கு மாதம் இப்படியே போனது. ஒரு காலை, என் கணவரின் பிறந்தநாள். சுகன்யாவிடமிருந்து செய்தி: "செல்வம் அண்ணாவுக்கு என் வாழ்த்த சொல்லிடுங்க."

கையில் கத்தரிக்கோலோடு நின்றுவிட்டேன்.

எனக்குக் கல்யாணமானபோது சுகன்யா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் வைத்த பெயர் 'மாமா'. அக்கா புருஷனை எந்தத் தங்கை அண்ணா என்பாள்? அவரை அண்ணா என்று கூப்பிடுகிறவன் ஒரே ஒருவன்தான். அவருடைய சகலை, நவீன்.

இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொள்ள ஒன்று கேட்டேன். "சின்னதுல நம்ம ஊட்டுல இருந்த பூனைக்கு நீ என்ன பேரு வெச்சே? ஞாபகமே வரலை." சுகன்யாவாக இருந்தால் அந்தப் பூனையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவாள். பதில் வந்தது: "ரொம்ப பிசி அக்கா. அப்பறம் பேசலாம்." பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

கடையைப் பாதியில் அடைத்துவிட்டு நான்கு மாதச் செய்திகளையும் முதலிலிருந்து படித்தேன். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனதை எழுதியிருந்தேன். செல்வத்தோடு சண்டை போட்டதை எழுதியிருந்தேன். "உனக்கு எதாவது கஷ்டம்னா என்கிட்டச் சொல்லு கண்ணு" என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தேன். அத்தனையையும் ஒரு ஆண் படித்து, என் தங்கையாக இருந்து ஆறுதல் சொல்லியிருக்கிறான். உடம்பெல்லாம் கூசியது.

4

மும்தாஜ் சுகன்யாவின் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறவள். செக்கிங்கில் நின்ற காலத்தில் என்னோடு ஒரே மேசையில் நின்றவள். அவளுக்கு அடித்தேன்.

"மும்தாஜ், சுகன்யா ஆபீஸ்ல இருக்காளா?"

"இருக்கறா. ஏன், அவ போனுக்கே அடிக்க வேண்டியதுதானே?"

"அது வேண்டாம். நீ போயி அவளக் கூட்டிட்டு வந்து உன் போனக் குடு. அவ போன் அவ மேசைமேலயே இருக்கட்டும்."

மும்தாஜ் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அவளும் எதையோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. சற்று நேரத்தில் சுகன்யாவின் குரல்.

"அக்கா? என்னக்கா, நல்லாருக்கியா?" உடனே குரல் உடைந்தது. "நாலு மாசமா ஒரு மெசேஜ்கூட அனுப்பலியே நீ. நான் என்னமோ தப்பாப் பேசிட்டேன்னு நெனச்சேன்."

"நான் தெனமும் அனுப்பறேன் சுகி. நீயும் பதில் போடறே."

தையல் மெஷின்களின் சத்தத்தை விட்டு அவள் தள்ளிப் போவது கேட்டது.

"நான் போடலக்கா" என்றாள்.

அவளுடைய வாட்ஸப் நவீனின் லேப்டாப்பிலும் திறந்திருந்தது. நான் எழுதுவது அவனுக்குப் போகும். அவன் பதில் எழுதுவான். பிறகு இரண்டையும் அழித்துவிடுவான். என் அழைப்புகளுக்கு அவள் போனில் சத்தம் வராதபடி செய்திருந்தான், அழைப்பு வந்த தடத்தையும் அழித்துவிடுவான். அவளாக என்னைக் கூப்பிட்டாலோ எழுதினாலோ, சாயங்காலம் போனை வாங்கிப் பார்க்கும்போது ஒரு மணி நேரம் விசாரணை நடக்கும். அதனால் இரண்டையுமே விட்டிருந்தாள். பாஸ்போர்ட் பீரோவிலிருந்து காணாமல் போயிருந்தது, ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"என்னையாட்டவே எழுதறாரா?" என்று கேட்டாள்.

"ஆமா. மாமாவ அண்ணான்னு சொல்ற வரைக்கும் நான் நம்பிட்டேன்."

"பெட்ரோல் போட நின்னாக்கூட போன் வரும்க்கா, 'அங்க எதுக்குப் பத்து நிமிசம்?'னு. சமையக்கட்டுல நின்னு மும்தாஜ்கிட்டப் பேசுனா, என்ன பேசுனேன்னு அப்படியே திருப்பிச் சொல்லுவாரு. மொதல்ல எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அடிக்கறதில்லக்கா. ஒருநாளுங்கூடக் கை வெச்சதில்ல. அதனால யாருகிட்டப் போயி என்னன்னு சொல்றது?"

இதற்கு என்ன பெயர் என்று எனக்கும் அந்த நிமிடம் தெரியவில்லை. இப்போது தெரியும். அடிக்காமலும் ஒருத்தியைச் சிறையில் வைக்கலாம். சாவி போனுக்குள் இருக்கும்.

5

பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து என்ற காரணத்தைச் சொல்லி மூன்று வாரம் விடுப்பெடுத்து ஊருக்குப் போனேன். சுகன்யாவின் எண்ணுக்கு அதுவரை எழுதியது போலவே எழுதிக்கொண்டிருந்தேன். யாருக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தே, அன்பாக எழுதினேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அது.

அம்மா அவிநாசியில் தனியாக இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. "அக்கறைலதானே கண்ணு பண்றாரு? உங்கப்பாரு நான் உசுரோட இருக்கறனா இல்லியான்னுகூட ஒருநாளும் கேட்டதில்ல" என்றாள். அவள் கணக்கில், கேட்கிற புருஷன் கிடைத்ததே பாக்கியம்.

மறுநாள் இருவரும் நெருப்பெரிச்சலில் சுகன்யாவின் வீட்டுக்குப் போனோம். நவீன் யூனிட்டில் இருந்தான், சுகன்யா விடுப்பு போட்டிருந்தாள். காபி வைக்கிறேன் என்று அம்மா சமையலறைக்குள் போய் மேல் தட்டில் கைவிட்டுத் தேடினாள். மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அத்தை, சக்கரை கீழ் ஷெல்ஃப்ல இருக்குதுங்க."

அம்மா கையிலிருந்த டப்பா மூடியைக் கீழே போட்டுவிட்டாள். நவீனின் குரல்தான். அன்பான குரல். அடுத்து என்னிடம் பேசியது. "அக்கா, நீங்க ஏனுங்க நிக்கறீங்க? உக்காருங்க, பத்து நிமிசத்துல வந்தர்றேன்." சுகன்யா தலையைத் தூக்கவில்லை. ஏற்கெனவே கழுவிய டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அம்மா மூடியை எடுத்து வைத்துவிட்டு, கூரை மூலையிலிருந்த அந்தக் கருவியை அண்ணாந்து பார்த்தாள்.

"மாப்ள, எங்கூடப் பேசோணும்னா ஊட்டுக்கு வந்து பேசுங்க. செவுத்துல இருந்துட்டுப் பேசாதீங்க."

ஆட்டோவில் திரும்பி வந்தோம். அவிநாசி நெருங்கியதும் அம்மா என் கையைப் பிடித்தாள். "ஏங்கண்ணு, அவ குளிக்கற எடத்துலயும் அது இருக்குமா?"

"இருக்காதும்மா."

"உனக்குத் தெரியுமா?"



6

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்றுதான் நான் துடித்தேன். மும்தாஜ்தான் தடுத்தாள். "நாம ஒன்னப் புடுங்குனா அடுத்த நிமிசம் அவருக்குத் தெரிஞ்சுரும் மகேசு. தெரிஞ்சா என்ன பண்ணுவாருன்னு நமக்குத் தெரியாது." அவள் தேடிப்பிடித்த பெண் வக்கீலும் அதையே சொன்னார். அவள் போகப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிகிற நேரம்தான் ஆபத்தான நேரம். முதலில் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள், போக ஒரு இடம் தயாராகட்டும், பிறகு தொடலாம் என்றார்.

அதனால் எதையும் தொடவில்லை. சாம்பிள் ரூமில் உட்கார்ந்து, நவீனுக்கு எது எது எந்த வழியாகத் தெரிகிறது என்று ஒரு அட்டையில் சுகன்யாவே எழுதினாள். எழுத எழுத அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். மாயம் போலிருந்ததெல்லாம் போன், ஸ்கூட்டர், லேப்டாப், கேமரா என்று நான்கு சாதாரணப் பொருளாக முன்னால் கிடந்தது.

ஆதாரில் அவளுக்கு அவன் நம்பர்தான் கொடுத்திருந்தது. அவள் பெயரில் எதற்கு விண்ணப்பித்தாலும் ரகசிய எண் அவன் கைக்குப் போகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்கூட்டரை நிறுத்திய இடத்திலேயே விட்டுவிட்டு, என்னோடு ஆட்டோவில் இ-சேவை மையத்துக்கு வந்தாள். நவீனின் திரையில் அவள் ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அங்கே டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். கைரேகையை எடுத்துக்கொண்டே அந்த ஊழியர் கேட்டார்.

"பழைய நம்பர் யாருதும்மா?"

"எங்க ஊட்டுக்காரருதுங்க."

"அப்பறம் எதுக்கு மாத்தறீங்க? அவருகிட்டயே இருக்கட்டுமே."

நான் வாயைத் திறந்தேன். சுகன்யா முந்திக்கொண்டாள். "எனக்கு வேணுங்க. ஆதார் என்னுது." அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவளுடைய புது சிம்மின் நம்பரை அடித்தார்.

மகளிர் காவல் நிலையத்தில் முதலில் பேசிய காவலர், "கேமரா வெக்கறது தப்பாம்மா? எங்க ஊட்லயும்தான் இருக்குது" என்றார். உள்ளே இருந்த பெண் உதவி ஆய்வாளர் என் போனை வாங்கி அந்தப் பிறந்தநாள் வாழ்த்தைப் படித்தார். அண்ணா என்ற சொல்லை நான் விளக்கினேன். அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "இத அழிக்காம வெச்சிருங்க" என்று சொல்லிப் புகாரை எழுதச் சொன்னார்.

கேமராவுக்கு முன்னால் பெட்டி கட்ட முடியாது. அதனால் பத்து நாள், தினம் ஒரு பொருளாக, சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். யாழினியின் பிறப்புச் சான்றிதழ், தன் டிகிரி, கல்யாணப் பதிவுக் காகிதம். மும்தாஜ் அவற்றைத் துணி சாம்பிள் பெட்டிகளில் வைத்துக்கொண்டாள். பாஸ்போர்ட் கிடைக்கவே இல்லை.

7

ஒரு புதன்கிழமை, சுகன்யா எப்போதும் போல யாழினியைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். பத்து மணிக்கு நாங்கள் பள்ளிக்குப் போய்க் குழந்தையைக் கூட்டிக்கொண்டோம். ஸ்கூட்டரும் போனும் கம்பெனியிலேயே இருந்தன. அவிநாசியில் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டுக்குப் போனோம்.

சாயங்காலம் நவீன் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தான். நான் கத்தலை எதிர்பார்த்திருந்தேன். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதான்.

"நான் என்ன தப்புப் பண்ணேனுங்க்கா? குடிக்கறதில்ல, வேற பழக்கம் கெடையாது. அவ எங்க இருக்கறான்னு தெரியலீன்னா எனக்கு மூச்சு முட்டுதுங்க."

பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே அவனுக்கு மூச்சு முட்டியிருக்கும். ஆனாலும் கேட்டேன். "நாலு மாசம் எங்கிட்ட அவளாட்டப் பேசுனது எதுக்குங்க?"

கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மொதல்ல என்ன பேசிக்கறீங்கன்னு பாக்கத்தானுங்க ஆரம்பிச்சேன். அப்பறம்... நீங்க அவகிட்ட எவ்வளவு பாசமா எழுதறீங்க. எனக்கு யாரும் அப்படி எழுதுனதில்லீங்க."

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதே நிமிடம் அருவருப்பும் வந்தது. இரண்டும் உண்மை. இரக்கப்பட்டு அவள் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குப் பயம் வந்தது. அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"போயிட்டு வாங்க மாப்ள. இனி எதுன்னாலும் வக்கீலம்மாகிட்டப் பேசுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அக்கறை என்ற சொல்லை அதன்பிறகு அம்மா வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

8

அந்தப் புது வீட்டில் முதல் நாள். சாமான் எதுவும் இல்லை, இரண்டு பாய், ஒரு அடுப்பு. ஆறு வயது யாழினி சுவர் ஓரமாக நடந்து ஒவ்வொரு அறையின் கூரை மூலையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இங்க அப்பா எங்கிருந்து பாப்பாரு?"

"இங்க யாரும் பாக்க மாட்டாங்க கண்ணு."

"யாருமேவா?"

"யாருமே."

குழந்தை யோசித்தாள். "அப்ப நான் டான்ஸ் ஆடட்டுமா?" என்று கேட்டாள். சுகன்யா தலையாட்டியதும் வெறும் தரையில் கிறுகிறுவென்று சுற்றினாள். பாட்டு இல்லை, ஒன்றும் இல்லை. ஆடி முடித்து மூச்சு வாங்க எங்கள் முன்னால் வந்து நின்றாள். சுகன்யா அழவில்லை. நான்தான் அழுதேன்.

கிளம்புவதற்கு முன் பெர்த்துக்கு வந்துவிடும்படி மறுபடி சொன்னேன். பாஸ்போர்ட்டைப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம், நான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நான் ஏங்க்கா ஊர விட்டுப் போகோணும்?" என்றாள். "எங்கம்பெனி இங்க இருக்குது. மும்தாஜ் இருக்கறா. பாப்பாவோட பள்ளிக்கூடம் இருக்குது. தப்புப் பண்ணுனது நானா?"

ஊரை விட்டுப் போவதுதான் தப்பிப்பது என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. வழக்கு நடக்கிறது. அவளைப் பின்தொடரவோ கண்காணிக்கவோ கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டில் வைத்து நவீன் யாழினியைப் பார்க்கிறான். மனநல மருத்துவரிடம் போவதாகச் சொல்கிறான், நல்லது. ஆனாலும் தெரியாத எண்களிலிருந்து சுகன்யாவுக்கு அவ்வப்போது செய்தி வருகிறது. அவள் படம் எடுத்து வக்கீலுக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கிறாள்.

9

பெர்த் திரும்பியதும் இதையெல்லாம் என் மகள் இனியாவிடம் சொன்னேன். பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில், அதுவும் ஒரு சொல்லில் பதில் சொல்கிறவள். முழுதாகக் கேட்டுவிட்டு, "அம்மா, நீயும்தானே என்னைப் பார்க்கிறாய்?" என்றாள்.

ஆமாம். அவள் போன் எங்கே இருக்கிறது என்று என் போனில் தெரியும். அவளுக்குச் சொல்லாமல் வைத்தது. "அது வேறு. நீ சின்னப் பெண், நான் உன் அம்மா" என்றேன்.

"எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். கடற்கரைக்குப் போகும்போது போனை லைப்ரரியில் வைத்துவிட்டுப் போவேன்" என்றாள்.

போன் இல்லாமல் என் மகள் கடற்கரையில் இருந்திருக்கிறாள். நான் திரையில் புள்ளியைப் பார்த்து, படிக்கிறாள் என்று நிம்மதியாகப் பேன்ட் தைத்திருக்கிறேன். பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். இருட்டிய பிறகு ரயிலில் வந்தால் அவளே இருக்குமிடத்தை அனுப்புவாள். மற்ற நேரத்தில் நான் கேட்பேன், அவள் சொல்வாள். சில நாள் சொல்கிறாள். சில நாள் இல்லை. என் கை இன்னும் போனைத் தேடிப் போகிறது. எனக்கும் நவீனுக்கும் எவ்வளவு தூரம் என்று அப்போதெல்லாம் யோசிக்கிறேன். தூரம் இருக்கிறது. நான் நினைத்த அளவுக்கு இல்லை.

போன ஞாயிறு சுகன்யா கூப்பிட்டாள். பின்னால் யாழினி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளான்னைக்கு நானும் பாப்பாவும் ஒரு எடத்துக்குப் போறோம். ரெண்டு நாளு."

"எங்கே?"

"போயிட்டு வந்து சொல்றேன்."

பஸ்ஸா, ரயிலா, தங்குவது எங்கே, யார் துணைக்கு என்று எல்லாக் கேள்வியும் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"பாப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

"அங்கெல்லாம் குளிராதுக்கா" என்று சிரித்தாள்.

அப்படியென்றால் மலைப்பக்கம் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.